சலேத்மேரியைத் தாண்டிப் போன முறை

மேகம் உள்ள வந்து நாற்காலியில உக்காந்ததைப் பாத்து அந்த ஞாயித்துக்கிழமை யாரும் வாயப் பொளக்கல, ஏன்னா கொடைக்கானல்ல ஆவணி மாசம் மேகம் வீட்டுக்குள்ள வர்றதும், சமையக்கட்டு வழியா வெளிய போறதும், பீரோவுக்குள்ள பூந்து பட்டுச்சேலைய நனைச்சுட்டுப் போறதும் தெனம் நடக்குற கூத்துதான். இந்த மேகம் பண்ணுன ஒரே புது விஷயம் என்னன்னா, வில்பட்டி ரோட்டுல இருக்குற பேரிக்காய் ஷெட்டுல சன்னல் வழியா எறங்கி, அங்க வட்டமா உக்காந்து வாசிச்சுக்கிட்டிருந்த அஞ்சு பேரையும் இடிக்காம சுவரோரமாவே சுத்தி வந்து, காலியாக் கெடந்த ஆறாவது நாற்காலியில உக்காந்துச்சு பாருங்க, அதுதான். அதுவும் எவ்ளோ மரியாதையா, பாட்டுக்கு நடுவுல வர்றவங்க எப்படி ஒடுங்கி வந்து உக்காரணுமோ அப்படி.

"புது ஆளு"ன்னு மட்டும் சொன்னாரு பஷீர் பாய், மாண்டலினை நிறுத்தாமலே.

"ஈரமா வந்திருக்கே, பாய். நாற்காலி பிளைவுட்டு"ன்னாரு ஞானராஜ். தச்சருக்கு அவரு கவலை.

அந்த ஆறாவது நாற்காலி எப்பவும் காலியாத்தான் கெடக்கும், புதுசா யாராவது வந்தா எடம் இல்லன்னு திரும்பிப் போயிரக்கூடாதுன்னு போட்டு வச்சது, வெர்னன் சார் காலத்துல இருந்து வர்ற வழக்கம். வெர்னன் சாருங்கிறது ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியாரா இருந்த ஒரு அமெரிக்காக்காரரு, ரெண்டு குறிஞ்சிக்கு முன்னாடி, அதாவது மலையில பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பூக்குற குறிஞ்சி பூத்து அது மறுபடி பூத்து அதுவும் மறுபடி பூக்குறதுக்கு முன்னாடி, ஊருக்குத் திரும்பும்போது ஒரு பேஞ்சோ, ஒரு மாண்டலின், ஒரு பிடிலு, ரெண்டு கித்தாரு, பாஸுன்னு பீரோ உசரத்துக்கு ஒரு பெரிய பிடிலு எல்லாத்தையும் இந்த ஷெட்டுல எறக்கி வச்சுட்டு பஸ் ஏறிட்டாரு. அவங்க ஊரு மலைப்பாட்டுக்கு புளூகிராஸ்னு பேராம், அது இங்க நீலப்புல்லுப் பாட்டுன்னு ஆகி, புல்லுப் பாட்டுன்னு தேஞ்சு, "எங்கடா போற?"ன்னா "புல்லுக்குப் போறேன்"னு சொல்ற அளவுக்கு வந்து, பாவம், புதுசாக் கல்யாணமாகி வந்த மருமகளுங்க எல்லாம் மாமனாருக்கு மாடு இருக்குன்னே ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்துச்சுங்க.

சார் விட்டுட்டுப் போன பாட்டவிட அதுக்குள்ள இருந்த மரியாதைதான் பெருசு, அத ஞானராஜ் ஒரு பேரிக்காய்ப் பெட்டிப் பலகையில பெயிண்ட்டால எழுதி செவுத்துல அடிச்சு வச்சிருந்தாரு. இன்ன பாட்டுன்னு கூப்புட்டவருதான், அது எப்பவும் ஞானராஜ்தான், மொதல்ல வாசிப்பாரு, அப்புறம் முறை எடப்பக்கமா ஒவ்வொருத்தருக்காப் போகும், ஒருத்தர் தனியா வாசிக்கும்போது மத்தவங்க சத்தத்தக் கொறச்சு அவருக்கு ரோடு விடணும், அவரு மேல ஏறக்கூடாது. அடுத்த ஆள வாயால கேக்கக்கூடாது, பாட்டக் கூப்புட்டவரு அந்த ஆளோட கண்ணப் பாத்து வாசிக்கிறீங்களான்னு கேக்கணும், வேணும்னா வாசிக்கலாம், வேணாம்னா தலைய ஆட்டுனாப் போதும், அதுல ஒரு கொறச்சலும் இல்ல. ஆனா அவரு கேக்காம முறைய எடுக்கக்கூடாது, எனக்குக் குடுங்கன்னும் நிக்கக்கூடாது. எல்லாரையும் கேட்டு முடிச்சதும் கூப்புட்டவரு ஒரு காலைத் தூக்குவாரு, அதோட பாட்டு முடியும். இவ்வளவுதான். இவ்வளவ மட்டும் வச்சுக்கிட்டு அந்த ஷெட்டுல இருபத்தி நாலு வருஷமா ஒரு சண்டை கெடையாது, ஊருல தண்ணிக் கொழாயில கூட அப்படி ஒரு ஒழுங்கு கெடையாது.

சலேத்மேரி அங்க வந்து சரியா ஒரு குறிஞ்சி ஆகுது. தபாலாபீசுல முத்திரை குத்துற வேலை அவளுக்கு, அந்தக் கையி கித்தாருல விழுந்தா டக்கு டக்குன்னு அப்படி ஒரு நிதானம், "சலேத்து இருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு ஜீப்பே ஓட்டுவேன்"ம்பாரு பேஞ்சோ வாசிக்கிற கொழந்தவேலு. ஆனா அவ தனியா வாசிச்சு யாரும் கேட்டதில்ல. இருபத்தஞ்சு வயசுல வந்த மொத ஞாயிறு, முறை சுத்தி அவகிட்ட வந்துச்சு, ஞானராஜ் கண்ணப் பாத்தாரு, அவ கையத் தூக்குறா, பட்டுன்னு மேல் கம்பி அறுந்து கன்னத்துல ஒரு கோடு போட்டுருச்சு. ஐயோ பாவம்னு ஞானராஜ் கண்ண எடுத்து அடுத்த ஆளுக்குப் போயிட்டாரு. அடுத்த வாரம், போன வாரம் அந்தப் புள்ளைக்கு அவமானமாப் போச்சே, இன்னைக்கும் கேட்டு எதுக்கு சங்கடப்படுத்தணும்னு தாண்டுனாரு. அதுக்கடுத்த வாரமும் அதே பாவம் பாத்தாரு. அப்புறம் பாவம் பாக்குறது பழக்கமாகி, பழக்கம் மறதியாகி, அவ கன்னத்துல இருந்த கோடும் மறைஞ்சு, கொழந்தவேலு வாசிச்சு முடிச்சா அவளையும் காலி நாற்காலியையும் தாண்டி ஞானராஜ் கண்ணு நேரா பாஸு வாசிக்கிற மொக்கத்தாய் மேலதான் போயி நிக்கும், ரெண்டு நாற்காலியும் காலி மாதிரி.

அவ கேக்கல. கேக்கக்கூடாதுல்ல, பலகையில இருக்கே. ஆனா ஒவ்வொரு ஞாயிறும் தயாரா வந்தா, அது யாருக்கும் தெரியாது. "பேரிக்கா எறக்கம்"னு அவங்களே போட்ட பாட்டு ஒண்ணு, அறுவடைக் காலத்துல அதுதான் கடைசிப் பாட்டு, அதுல தன்னோட முறை வந்தா தனியா வாசிக்க ஒண்ணு செஞ்சு வச்சிருந்தா, பன்னெண்டு வருஷமா வீட்டுல கதவச் சாத்திக்கிட்டு வாசிச்சு வாசிச்சு, மொதல்ல அதுல நெறைய வேகமும் வித்தையும் இருந்துச்சு, வருஷம் ஆக ஆக ஒவ்வொண்ணாக் கழட்டிட்டா, இப்ப பத்துப் பதினஞ்சு சுரம்தான் மிச்சம், அது அம்புட்டும் அவளுக்கு உசுரு.

சரி, அந்த ஞாயித்துக்கிழமை. "பேரிக்கா எறக்கம்" ஓடுது. ஞானராஜ் வாசிச்சாரு, பஷீர் பாய் வாசிச்சாரு, கொழந்தவேலு போலீஸ் தொரத்துற மாதிரி வாசிச்சு முடிச்சாரு, ஞானராஜோட கண்ணு வழக்கம்போல சலேத்மேரியத் தாண்டி, வழக்கத்துக்கு மாறா ஆறாவது நாற்காலியில நின்னு, புது ஆளுக்குண்டான மரியாதையோட மேகத்தக் கேட்டுச்சு.

மேகம் வாசிக்கல. தலையையும் ஆட்டல. சும்மா உக்காந்திருந்துச்சு.

புதுசு, கூச்சமா இருக்கும்னு ஒரு சுத்து விட்டாங்க, ரெண்டு சுத்து விட்டாங்க, மேகம் அசையல, இருட்டப் போகுது, வேற வழியில்லாம ஞானராஜ் காலைத் தூக்கிட்டாரு. அஞ்சு பேரும் சேந்து நிறுத்துனாங்க. பாட்டு நிக்கல. கைய எடுத்துட்டாங்க, ஆனா பாட்டு தகரக்கூரைக்குப் போயி, அங்க இருந்து பேரிக்காய்ப் பெட்டிக்குள்ள எறங்கி, காயும் காயும் முட்டிக்கிட்டு அதே தாளத்துல ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஞானராஜ் அடுத்த காலையும் தூக்கிப் பாத்தாரு. நாற்காலியில ரெண்டு காலையும் தூக்கிக்கிட்டு அவரு உக்காந்திருந்ததப் பாத்து மொக்கத்தாய்தான் சொன்னா, "எறக்குங்கண்ணே, வேட்டி."

அன்னையில இருந்து ஊருல எதுவும் முடியல. பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல, முடிய வேண்டியது முடியல, அவ்வளவுதான். பால் பொங்குற வரைக்கும் வந்து அங்கயே நின்னுச்சு. மாதா கோயில்ல பிரசங்கம் திங்கக்கெழமை மத்தியானம் தாண்டியும் போச்சு, சாமியாரே தண்ணி குடிச்சுட்டு வந்து "மேலும்..."னாரு. ஸ்வெட்டர் பின்றவங்க கைய முடிக்க முடியாம பின்னிப் பின்னி ஒவ்வொரு கையும் வாசப்படி தாண்டித் தெருவுக்குப் போச்சு, அதுல கோழி படுத்துக்கிச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சண்டை ஆரம்பிச்ச ஒரு நாத்தனாரும் மதினியும், நிறுத்த முடியாம, சொல்றதுக்கு இருந்ததெல்லாம் தீந்துபோயி, சின்ன வயசு சண்டையெல்லாம் எடுத்து, அப்புறம் அந்த வயசு வெளையாட்டையும் எடுத்து, புதன்கெழமை ஒருத்தி தலைய ஒருத்தி பின்னி விட்டுக்கிட்டே திட்டிக்கிட்டிருந்தாங்க. பூண்டு உரிக்கிறவங்க அதே தாளத்துல உரிச்சாங்க, பஷீர் பாய் பேக்கரியில மாவு அதே தாளத்துல பெசஞ்சாங்க, சலேத்மேரி முத்திரை குத்துனதும் அதே தாளத்துலதான், அந்த வாரம் கொடைக்கானல்ல இருந்து போன கடுதாசியப் பிரிச்சவங்க எல்லாம் கால ஆட்டுனாங்கன்னு பின்னாடி தெரிஞ்சுச்சு. கஷ்டம்னா ஒண்ணே ஒண்ணுதான்: பேரிக்காய் பழுக்கல. பறிச்சு அடுக்குன காயி அப்படியே பச்சையா, பழுக்குற வாசப்படியில நிக்குது, மதுரை லாரிக்காரரு வந்து ரெண்டு நாள் காத்திருந்து, லாரியக் கழுவி, மறுபடி கழுவி, மூணாவது நாள் பூவெல்லாம் வரைய ஆரம்பிச்சுட்டாரு. பழுக்காத காய எவன் வாங்குவான், ஊரே அந்தக் காய நம்பித்தான் இருக்கு.

அதனால மேகத்தை எப்படியாச்சும் வாசிக்க வைக்கணும்னு ஊரு எறங்குச்சு. ஞானராஜ் சம்சாரம் புஷ்பம் நாற்காலிக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் சாக்கு விரிச்சுப் போட்டுச்சு. யாரோ டீ வச்சாங்க. டம்ளர்ல டீ கொறையல, கூடிக்கிட்டே போச்சு. பாட்டு தெரியாதோ என்னவோன்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வரிசையா நின்னு பாடிக் காமிச்சாங்க. மவுத்தார்கன் வச்சாங்க, கஞ்சிரா வச்சாங்க, ஒருத்தர் வாட்ச்மேன் விசில் கொண்டாந்து வச்சாரு. ஒரு ஃபாரஸ்ட் கார்டு வந்து, மேகம் காட்டுக்குள்ள இருந்து வந்திருந்தா பெர்மிட் வேணும்னாரு.

"அதையே கேளுங்க சார்"னா மொக்கத்தாய்.

அவரு கேட்டாரு. தொப்பி நனஞ்சதுதான் மிச்சம்.

"வாசிக்கத் தெரியாட்டி தலைய ஆட்டிட்டுப் போக வேண்டியதுதானே!"ன்னு கத்துனாரு கொழந்தவேலு.

"தலை எங்கய்யா இருக்கு அதுக்கு?"ன்னாரு பஷீர் பாய்.

"அதுக்கு நான் என்ன பாய் பண்ணுவேன், தலை இல்லாதவங்கள எல்லாம் சேத்துக்கிட்டு!"

"உன்னச் சேத்துக்கலையா?"

இந்தக் களேபரத்துக்கு நடுவுல சலேத்மேரி மட்டும் வாயத் தொறக்கல. ஏன்னா அவளுக்கு மொத நாளே தெரியும். ஞானராஜ் கண்ணு அவளத் தாண்டி மேகத்து மேல நின்னப்ப, பக்கத்து நாற்காலியில இருந்த மேகம் லேசா அவ பக்கம் சாஞ்சுச்சு, அவளோட எடது முழங்கை குளுந்து போச்சு, அந்தக் குளுருல அவளுக்குப் புரிஞ்சுபோச்சு: அது கூச்சப்படல, காத்திருக்கு. அவ முறை முடியாம அதோட முறை வராது. புதுசா வந்த மேகத்துக்குத் தெரிஞ்ச மரியாதை இருபத்தி நாலு வருஷமா வாசிக்கிறவங்களுக்கு மறந்துபோச்சு. இத எப்படிச் சொல்றது? சொன்னா, எனக்குக் குடுங்கன்னு கேட்ட மாதிரி ஆயிரும். சொல்லாட்டி ஊரு பேரிக்காய் பழுக்காது. தெனமும் தபாலாபீசு விட்டு ஷெட்டுக்கு வருவா, மேகத்துக்குப் பக்கத்துல உக்காருவா, இன்னைக்குச் சொல்லிரலாம்னு வாயத் தொறப்பா, பலகையில ஞானராஜோட கோணக்கையெழுத்தப் பாப்பா, வாய மூடிக்குவா. ஒரு சாயங்காலம் யாரும் இல்லாதப்ப மெதுவா, "நீ எந்திரிச்சுப் போயிரேன், எனக்காக எதுக்கு?"ன்னா. மேகம் போகல. அவ மடியில ரெண்டு சொட்டு விழுந்துச்சு. இத்தன வருஷத்துல அவளுக்காக யாரும் இவ்ளோ நேரம் உக்காந்திருந்ததில்லன்னு நெனச்சப்ப அவளுக்கு அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு.

மறு ஞாயிறு மத்தியானம் மறுபடி அஞ்சு பேரும் உக்காந்தாங்க, ஓடிக்கிட்டிருந்த பாட்டுலயே போயி ஒட்டிக்கிட்டாங்க. ஊரு சனம் வாசல்ல. லாரிக்காரரு பெயிண்டு டப்பாவோட. முறை சுத்துச்சு, ஞானராஜ், பஷீர் பாய், கொழந்தவேலு, அப்புறம் கண்ணு தாவி மேகம். மேகம் சும்மா இருக்கு. கெழங்குப் போண்டா கொண்டாந்த புஷ்பம் கூடைய எறக்காமலே நின்னு இதப் பாத்துச்சு. புஷ்பத்துக்குப் பாட்டுப் பத்தி ஒண்ணும் தெரியாது, பந்தி பரிமாறத் தெரியும்.

"ஏங்க, கொழந்தவேலுக்கு அப்புறம் யாரு?"

"மேகம்"னாரு ஞானராஜ்.

"நடுவுல ஒரு புள்ள உக்காந்திருக்கே?"

"சலேத்தா? அது தனியா வாசிக்காதுடி."

"நீங்க கேட்டீங்களா?"

"அது வேணாம்னுதான் சொல்லும்."

"எப்பச் சொன்னுச்சு?"

ஞானராஜ் பிடிலு வில்ல இழுத்துக்கிட்டே யோசிச்சாரு. யோசிச்சு யோசிச்சுப் பின்னால போனாரு, போன வருஷம், அதுக்கு முந்துன வருஷம், பேக்கரி தீப்பிடிச்ச வருஷம், பஸ்ஸு நின்ன மழ வருஷம், எல்லா ஞாயித்துக்கிழமையும் தேடிக்கிட்டே போயி மொத ஞாயித்துக்கிழமையில முட்டி நின்னாரு. அங்க ஒரு கம்பி அறுந்துச்சு, ஒரு கன்னத்துல கோடு விழுந்துச்சு. வேணாம்னு யாரும் சொல்லல.

"பந்தியில ஒரு எலையத் தாண்டி அடுத்த எலைக்குச் சோறு போட்டா, ரோசம் உள்ளவன் எவனாவது கைய வைப்பானா?"ன்னுச்சு புஷ்பம். "அந்த மேகத்துக்கு இருக்குற ரோசம் உங்களுக்கு இல்லாமப் போச்சே. எட்டு நாளா அதுக்குப் போயி டீ குடுத்துக்கிட்டு."

பாட்டு மட்டும் ஓடுச்சு. கொழந்தவேலு தரையப் பாத்தாரு. மொக்கத்தாய், "நானும் பக்கத்துலதானே இருந்தேன்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டா.

ஞானராஜ் மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுக்கிட்டாரு. அடுத்த சுத்து வந்துச்சு. அவரு வாசிச்சாரு, பாய் வாசிச்சாரு, கொழந்தவேலு வாழ்க்கையிலயே மொத தடவையா மெதுவா வாசிச்சாரு. அப்புறம் ஞானராஜ் திரும்பி சலேத்மேரிய நேராக் கண்ணப் பாத்துக் கேட்டாரு.

அவ நிமிந்தா. கையத் தூக்குனா.

பட்டுன்னு மேல் கம்பி அறுந்து கன்னத்துல கோடு போட்டுருச்சு. அதே எடம்.

வாசல்ல நின்ன சனம் மொத்தமும் "ச்சு"ன்னுச்சு. ஞானராஜ் முகத்துல அதே பழைய பாவம் வந்துச்சு, பழைய எரக்கம், அந்தக் கண்ணு கொஞ்சம் நகர ஆரம்பிச்சதையும் அவ பாத்தா.

"இருங்கண்ணே"ன்னா சலேத்மேரி. "தாண்டிராதீங்க. கம்பி மாட்டிக்கிறேன்."

கேளுங்க, அந்த வட்டத்துல வாயத் தொறந்து தன்னோட முறையப் பத்தி ஒருத்தர் பேசுனது அதுதான் மொத தடவ, பலகையில அதுக்கு எடமே இல்ல, ஆனா ஞானராஜ் கண்ணு அப்படியே நின்னுருச்சு. அவ பையத் தொறந்து, பன்னெண்டு வருஷமா ஒவ்வொரு ஞாயிறும் கொண்டாந்த உபரிக் கம்பியில இருந்து ஒண்ண எடுத்து, சுருளப் பிரிச்சு, முனைய ஆணியில கோத்து, முறுக்க ஆரம்பிச்சா. எல்லாரும் சத்தத்தக் கொறச்சாங்க. மொக்கத்தாய் பாஸுல ஒரு வெரலால மட்டும் தட்டுனா. தகரக்கூரை தணிஞ்சுச்சு, பேரிக்காய் தணிஞ்சுச்சு, வெளிய பூண்டு உரிக்கிற கை தணிஞ்சுச்சு, நாத்தனாரும் மதினியும் கிசுகிசுன்னு திட்டிக்கிட்டாங்க. கம்பி ஏறுது, கீய்ங்குது, இன்னும் கொஞ்சம் ஏறுது. ஒரு மொத்த மலையும் ஒரு கம்பி சுருதிக்கு வர்றதுக்காகக் காத்திருந்துச்சு. ஞானராஜ் கண்ண எடுக்கல. கண்ணுல தண்ணி வந்தும் எடுக்கல.

அப்புறம் அவ வாசிச்சா. அந்தப் பத்துப் பதினஞ்சு சுரம்தான். சத்தியமா ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, நடுவுல ஒரு எடத்துல வெரலு வழுக்குச்சு, வழுக்குனதோடவே போனா. அந்தப் பாட்டுல பேரிக்காய் எறங்குறத எல்லாரும் வேகமாத்தான் வாசிப்பாங்க, அவ ஒவ்வொரு காயாக் கையில வாங்கி எறக்கி வச்சா. மொத ஞாயித்துக்கிழமை வந்த இருபத்தஞ்சு வயசுப் புள்ள அங்க ஒரு நிமிஷம் உக்காந்திருந்துச்சு, ஞானராஜுக்கு அப்ப தலை கருப்பு, பாய்க்கு அப்ப தாடி இல்ல, சன்னலுக்கு வெளிய போன குறிஞ்சி பூத்திருந்துச்சு. வாசிச்சு முடிச்சப்ப இந்தக் குறிஞ்சி பூத்திருந்துச்சு.

ஞானராஜ் கண்ணு அவகிட்ட இருந்து எறங்கி, அடுத்த நாற்காலிக்குப் போயி, மேகத்தக் கேட்டுச்சு.

மேகம் இந்தப் பக்கம் ஒரு தடவ, அந்தப் பக்கம் ஒரு தடவ, மெதுவா ஆடுச்சு. வேணாமாம்.

"அடப்பாவி!"ன்னாரு கொழந்தவேலு.

மொக்கத்தாய் வாசிச்சா. ஞானராஜ் காலைத் தூக்குனாரு. அஞ்சு பேரும் ஒண்ணா நிறுத்த, கூரை நின்னுச்சு, பெட்டிக நின்னுச்சு, ஊருல அடுப்புல இருந்த பாலெல்லாம் ஒரே நேரத்துல பொங்கி வழிஞ்சுச்சு, கோயில்ல "ஆமென்" கேட்டுச்சு, ஷெட்டு பூரா பழுத்த பேரிக்காய் வாசம் கும்முன்னு எந்திரிச்சுச்சு. லாரிக்காரரு தூரிகையப் போட்டுட்டு ஓடுனாரு. அந்த அவசரத்துல மேகம் எப்பப் போச்சுன்னு யாரும் பாக்கல. பிளைவுட்டு நாற்காலி நல்லா உப்பிப்போயிக் கெடந்துச்சு, ஞானராஜ் அதுக்குத் தேக்குல ஒண்ணு செஞ்சு போட்டாரு.

அடுத்த ஞாயிறு மறுபடி "பேரிக்கா எறக்கம்". கொழந்தவேலு முடிச்சதும் ஞானராஜ் திரும்பி சலேத்மேரிய கண்ணப் பாத்துக் கேட்டாரு. முடிக்க முடியாமக் கெடந்த கடுதாசியெல்லாம் ஒரே வாரத்துல வந்து குமிஞ்சு, அம்புட்டையும் குத்தி அவளுக்குக் கை வலி. அவ சிரிச்சுக்கிட்டே, ரொம்ப நிதானமா, கன்னத்துல காஞ்ச கோட்டோட, தலைய ஆட்டுனா. அவரு தேக்கு நாற்காலியையும் ஒரு நிமிஷம் பாத்துக் கேட்டுட்டு, மொக்கத்தாய்கிட்ட போனாரு.